நாரையன் கூட்டத்து ஊசி

என் தலைக்குள் போகப்போகிற ஜீன் யாருடையது என்று முதலில் கேட்டவர் என் பெரியப்பா பொங்கியண்ணன். அரசு ஆஸ்பத்திரியில், வலிப்பு நோய்ப் பிரிவில், டாக்டர் மெஹருன்னிசா எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, "வேற ஏதாவது கேக்கணுமா?" என்றபோது கேட்டார்.

டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கியிருந்தார். என் மூளையின் இடப்பக்கத்தில், காதுக்குச் சற்று மேலே, ஒரு சின்ன இடம் கெட்டுப்போயிருக்கிறது. வலிப்பு எப்போதும் அங்கிருந்துதான் கிளம்புகிறது. மாத்திரை இனி கேட்காது. இந்த ஊசி கேட்கும்.

"கோயில் நோம்பிக்கு ஊர்ல இருக்கற அத்தனை மைக்செட்டும் ஒண்ணா அலறினா என்ன ஆகும்? யாரு பேசறதும் யாருக்கும் கேக்காதில்ல? இவளுக்கு வலிப்பு வர்றப்ப அந்த இடத்துல அதுதான் நடக்குது. நாங்க போடற ஜீன், அங்க இருக்கற செல்லுக்குள்ள போய் உக்காந்துக்கும். சத்தம் எகிறும்போது மட்டும் தானாக் குறைச்சு விடும். மத்த நேரம் சும்மா இருக்கும். கொண்டுபோய்ச் சேக்கறதுக்கு ஒரு வைரசோட வெறும் ஓடு. சளிகூடப் பிடிக்காது. ஆனா ஒருதடவைதான் போட முடியும். உடம்பு அந்த ஓட்டை அடையாளம் கண்டுக்கிட்டா ரெண்டாந்தடவை உள்ள விடாது. போட்டா ஆயுசுக்கும் இருக்கும்."

"அதெல்லாஞ் சரிங்க டாக்டரம்மா," என்றார் பெரியப்பா. "அந்த ஜீன் யாரோடதுங்க?"

"யாரோடதும் இல்லீங்க. மிஷின்ல எழுதிச் செய்யறது."

"எழுதறதுன்னா எதையாச்சும் பாத்துத்தான எழுதோணும்? யாரோ ஒரு ஆளுகிட்ட இருந்து பாத்துத்தான எழுதியிருப்பாங்க?"

டாக்டர் அங்கே கொஞ்சம் தடுமாறினார். பொய் சொல்லத் தெரியாதவர். "முதல்ல எப்பவோ யாரோ ஒருத்தரோட செல்லுல இருந்து படிச்சிருப்பாங்க. அது யாருன்னு யாருக்கும் தெரியாது. தெரியவும் வேண்டியதில்ல. எல்லாருக்கும் இருக்கறதுதான். உங்களுக்கும் இருக்கு, எனக்கும் இருக்கு."

"உங்களுக்கும் எங்களுக்கும் ஒண்ணேங்கறீங்களா?"

பெரியப்பா அதை மரியாதையாகத்தான் கேட்டார். டாக்டர் என் அம்மாவைப் பார்த்தார். அம்மா தன் கைப்பையைப் பார்த்தார்.

"பெரியவரே, ரத்தம் ஏத்தறப்ப யாரு ரத்தம்னு கேப்பீங்களா?"

"ரத்தம் கொஞ்ச நாள்ல ஓடிப்போயிருமுங்க. இது ஆயுசுக்கும் உக்காந்துக்கும்னு நீங்கதான சொன்னீங்க. நாளைக்குக் கட்டிக் குடுக்கற புள்ளைங்க."

அவ்வளவுதான். எனக்கு அன்று ஊசி போடத் தேதி குறிக்கவில்லை. வெளியே வந்ததும் பெரியப்பா எனக்கு ஒரு இளநீர் வாங்கிக் கொடுத்தார். அவர் கெட்டவர் இல்லை. எனக்கு வலிப்பு வரும்போதெல்லாம் உள்ளங்கையில் சாவிக்கொத்தை வைத்து அழுத்துகிறவர் அவர்தான். சாவியால் ஒன்றும் ஆகாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் கண் விழிக்கும்போது கையில் அது இருப்பது எனக்குப் பழகிவிட்டது.

எங்கள் ஊர் திருச்செங்கோட்டுக்குப் பக்கம். அப்பா போர்வெல் ரிக் வண்டியில் வேலைக்குப் போனவர். வருடத்தில் பாதிக்கு மேல் வடக்கே ஏதாவது ஒரு காட்டில் இருப்பார். அதனால் வீட்டில் எதையும் முடிவு செய்வது பெரியப்பாதான். நான் பத்தாம் வகுப்பில் பெஞ்சிலிருந்து விழுந்து, பாவாடை நனைந்து, எல்லோரும் பார்க்கக் கிடந்த நாளோடு பள்ளிக்கூடம் போவதை நிறுத்தியதும் அவர் முடிவுதான். நானும் மறுக்கவில்லை. அந்தப் பெஞ்சுக்குத் திரும்பிப் போக எனக்கே வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகு அடுப்படிக்கு விடமாட்டார்கள், கிணற்றுப் பக்கம் விடமாட்டார்கள். குளியலறைக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார்கள். குளிக்கும்போது அம்மா வெளியே நின்று, "கௌசிகா, இருக்கறயா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். நான் "இருக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஊசியைப் பற்றிய பேச்சு வந்த அதே மாதத்தில் கல்யாணப் பேச்சும் வந்தது. மாப்பிள்ளை பெயர் அர்த்தநாரி. முட்டைக் கோழிப் பண்ணை வைத்திருக்கிறார். வயது முப்பத்து நான்கு. எங்கள் பக்கம் அந்த வயதில் கல்யாணமாகாத ஆண்கள் ஊருக்கு ஒரு டஜன் இருக்கிறார்கள், பெண் கிடைப்பதில்லை. அதனால் வலிப்புக்காரப் பெண் என்று தெரிந்தும் அவர் அம்மா பாவாயி கேட்டு வந்தார். ஊசி போட்டு நன்றாகிவிட்டால் சரி என்றார்.

"அவங்க நாரையன் கூட்டம், நாம வரகன் கூட்டம். நமக்கு அவங்க மாமன் மச்சான் முறை. பொருத்தமா அமைஞ்சிருக்கு," என்றார் பெரியப்பா. எங்கள் சாதிக்குள் இப்படி நிறையக் கூட்டங்கள் உண்டு. ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் எந்த ஊரில் இருந்தாலும், முன்பின் பார்த்திராவிட்டாலும், அண்ணன் தங்கை. அவர்களுக்குள் கல்யாணம் கிடையாது. வேறு எதில் விட்டுக்கொடுத்தாலும் இதில் யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

பெண் பார்க்க வந்த அன்று அர்த்தநாரி கை கழுவப் பின்பக்கம் போனார். குளியலறைக் கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்துத் துளைகளைப் பார்த்து என்னவென்று கேட்டார். அம்மா சொன்னார்.

"நல்ல யோசனைதானுங்க அத்தை. நம்ம வீட்டுலயும் கழட்டிப் போடறேன்," என்றார்.

"ஊசி போட்டா வேண்டியதில்லைங்களே, மாப்ள."

"போட்டாலுந்தான். இருக்கட்டுமுங்க. பொம்பளப்புள்ளைக்குத் தாழ்ப்பாள் என்னத்துக்கு?"

அவர் அக்கறையோடுதான் சொன்னார். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஊசி போட்டாலும் ஒன்றும் மாறாது என்று அப்போது தெரிந்தது. அம்மாவுக்குப் பதில் அவர் வெளியே நின்று "இருக்கறயா?" என்று கேட்பார். நான் ஆயுசுக்கும் "இருக்கறேன்" என்று சொல்வேன். கல்யாணம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் ஊசியும் இல்லாமல் போய்விடுமோ என்று பயமாகவும் இருந்தது.

பெரியப்பா எங்கள் சாதிச் சங்கத்து மாத இதழில் ஒரு விளம்பரத்தைக் கண்டுபிடித்தார். கோயம்புத்தூரில் பூர்வீகம் நரம்பியல் மையம். 'உங்கள் உறவுகளிடமிருந்தே உங்களுக்கு' என்று போட்டிருந்தது. போன் போட்டுக் கேட்டார். ஆமாம், எந்தச் சமூகத்துக்கு எந்தச் சமூகத்தின் ஜீன் வேண்டுமோ அது கிடைக்கும் என்றார்கள். எழுத்தில் எதுவும் தரமாட்டார்கள். ஆனால் யார் எப்போது போன் செய்து கேட்டாலும் விவரம் சொல்வார்கள்.

"பாத்தியா சரசு," என்றார் பெரியப்பா அம்மாவிடம். "கேக்கறவனுக்குத்தான் கிடைக்கும்."

அந்த மையத்தில் ஏசி குளிர் தாங்கவில்லை. ஊசிக்கு முன்னால் பதினெட்டு வயது முடிந்தவர்களிடம் தனியாகச் சம்மதம் கேட்க வேண்டும் என்று சட்டம் இருந்ததால் பெரியப்பாவையும் அம்மாவையும் வெளியே உட்கார வைத்தார்கள். உள்ளே இருந்தவர் பெயர் ரோஸ்லின். நாகர்கோவில் பக்கத்து அக்கா. கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே என் பெயர், வயது, எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது எல்லாம் கேட்டுப் பதிந்தார். பிறகு நிறுத்தினார்.

"உங்க பெரியப்பா ஜாதிய மட்டும் சொல்லிட்டுப் போயிட்டாரு. இதுல கூட்டம்னு ஒரு கட்டம் கிடக்கு. அது நிரம்பாம அடுத்த பக்கம் போவ மாட்டேங்கு. அது என்னது மக்ளே, இனிஷியல் மாதிரியா?"

"இல்லீங்கக்கா. பரம்பரைப் பேரு மாதிரி. ஒரே கூட்டத்துல பொறந்தவங்க அண்ணன் தங்கச்சி. கட்டிக்க மாட்டாங்க."

"அப்போ எதைப் போட?"

"குடுத்தவங்க எந்தக் கூட்டமோ அதைத்தானுங்கக்கா போடோணும்?"

ரோஸ்லின் கதவைப் பார்த்தார். அது மூடியிருந்தது.

"குடுத்தவங்களா? எத்தனாவது படிச்சிருக்க மக்ளே?"

"பத்தாவது முடிக்கலீங்க."

"முடிக்காட்டியும் புரியும், கேட்டுக்கோ. கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு எந்தக் கம்பெனியில இருந்து குப்பி வருதோ, அதே கம்பெனி, அதே குப்பிதான் இங்கயும் வருது. ஸ்டிக்கர் மட்டும் நாங்க மாத்தி ஒட்டுறோம். வசதியுள்ள ஜாதிக்கெல்லாம் இங்க ஒரு ஸ்டிக்கர் உண்டு."

"அப்ப மருந்து வேலை செய்யாதுங்களா?"

"அய்யோ, மருந்து நல்ல மருந்து. அதுல ஒரு பொய்யும் இல்ல. எங்க அண்ணன் மவனுக்குப் போட்டு இப்ப கால்பந்து ஆடுதான். அவனுக்கு நாகர்கோவில் கவர்மெண்ட்ல, ஸ்டிக்கர் இல்லாம." சிரித்தார். பிறகு முகம் மாறியது. "ரெண்டு பிள்ளைகள வச்சிக்கிட்டு வேலைக்கு வாறேன். நான் சொன்னேன்னு எங்கயும் சொல்லிராத என்ன. ம், கூட்டம் எதுன்னு சொல்லு. யாராவது போன் பண்ணிக் கேட்டா நான் இதைப் பாத்துத்தான் வாசிக்கணும்."

நான் யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவள். எனக்கு என்ன வேண்டும் என்று அதுவரை யாரும் என்னிடம் கேட்டதும் இல்லை.

"நாரையன்," என்றேன்.

"உங்க கூட்டமா அது?"

"இல்லீங்க."

"பின்ன?"

"அதையே போட்டுக்கோங்கக்கா."

ரோஸ்லின் தட்டினார். அடுத்த பக்கம் வந்துவிட்டது.

ஊசி போட்ட நாளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒரு பக்கம் முடியை வழித்தார்கள். மயக்கம் கொடுத்தார்கள். விழித்தபோது தலையில் ஒரு கட்டு, வாயில் ஒரு கசப்பு. முதல் வாரங்களில் இரண்டு முறை வலிப்பு வந்தது, செல் புது வேலையைக் கற்றுக்கொள்ள நாளாகும் என்றார்கள். பிறகு வரவில்லை. அடிவயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறி வருகிற மாதிரி இருக்கும். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன். அது பாதியில் நின்று அப்படியே இறங்கிவிடும். வழித்த இடத்தில் முடி வளர்ந்து காதை மூடியதும் பாவாயி வீட்டாரைத் தேதி குறிக்க வரச் சொன்னார் பெரியப்பா.

போண்டாவும் காப்பியும் போனது. பெரியப்பா ஊசிக் கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னார். அரசு ஆஸ்பத்திரியில் யாருடையது என்றே தெரியாத ஒன்றைப் போடப் பார்த்தார்கள் என்றும், தான் தடுத்து நம்மவர்களுடையதையே தேடிப் பிடித்துப் போட்டதாகவும் சொன்னார்.

"நம்மவங்கன்னா எந்தக் கூட்டமுங்க?" என்று பாவாயி கேட்டார்.

"அதென்னத்துக்குங்க? சாதி நம்ம சாதி. அது போதாதுங்களா?"

"கேட்டு வெச்சுக்கறது நல்லதுதானுங்க. நாளைக்கு எங்க பக்கம் நாலு பேரு கேப்பாங்க."

பெரியப்பா பெருமையாகப் போனை எடுத்தார். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார். ரோஸ்லின் அக்காவின் குரல்தான். என் பெயரையும் ஊரையும் கேட்டு, கொஞ்சம் பொறுக்கச் சொல்லி, வாசித்தது. "நாரையன் கூட்டம் சார். ஆரோக்கியமான நபர். வேறெதுவும் தெரியணுமா சார்?"

பாவாயி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"அது எங்க கூட்டமுங்களே."

"வேற நாரையனா இருக்குமுங்க," என்றார் பெரியப்பா.

"எத்தனை நாரையன் இருந்தாலும் கோயிலு ஒண்ணுதானுங்க."

அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு சொட்டு மருந்துங்க அது," என்றார் பெரியப்பா. "அதுக்குப் போய்..."

"சொட்டுதானுங்க. ஆனா ஆயுசுக்கும் உக்காந்துக்கும்னு இப்பத்தான சொன்னீங்க? வேற சாதியா இருந்தா ஒட்டிக்கும், எங்க கூட்டமா இருந்தா மட்டும் ஒட்டிக்காதுங்களா?"

"அட, அதெல்லாம் மிஷின்ல எழுதறதுங்க! யாரோடதும் இல்லைன்னு கவர்மெண்ட் டாக்டரம்மாவே சொன்னாங்க."

"அப்பறம் எதுக்குங்க கோயமுத்தூருக்குப் போனீங்க?"

பெரியப்பா மேசைமேல் இருந்த போனைக் கவிழ்த்து வைத்தார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. பாவமாக இருந்தது. ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை.

பாவாயி எழுந்து வந்து என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "அப்பவே நெனச்சேன். மூக்குகிட்ட எங்க மாமியா சாடை கொஞ்சம் வந்திருக்குது," என்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. "டேய் அர்த்தநாரி, உனக்குத் தங்கச்சிடா."

அர்த்தநாரி போண்டாவை மென்றுகொண்டிருந்தார். விழுங்கிவிட்டு, "சரிம்மா," என்றார்.

பாவாயி அதோடு விடுகிறவர் இல்லை. அவருக்கு மகள் கிடையாது. நோம்பிக்கு எனக்குப் புடவை வந்தது. அவர்கள் கோயில் பொங்கலுக்கு, அந்தக் கூட்டத்தில் பிறந்தவள் என்று கூப்பிட்டு அனுப்பினார்கள். அர்த்தநாரியை நான் அண்ணா என்று கூப்பிட ஆரம்பித்தேன், அவர் என்னை அம்மிணி என்றார். பத்தாவது பரீட்சையைத் தனியாக எழுதப்போகிறேன் என்றபோது பெரியப்பா வேண்டாம் என்றார். அண்ணன்தான், "எழுதட்டுமுங்க, என்ன இப்ப?" என்று பணம் கட்டினார். குளியலறைக்குப் புதுத் தாழ்ப்பாளை வாங்கி வந்து மாட்டியதும் அவர்தான். கணவனாக இருந்தால் வேண்டாம் என்றிருக்கக்கூடிய ஒவ்வொன்றையும் அண்ணனாகச் சரி என்றார். ஆள் ஒருவர்தான்.

ஊசி எங்கே போட்டிருந்தாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அரசு ஆஸ்பத்திரியில் மூளைப் பதிவு எடுத்துக் காட்ட வேண்டும். இரண்டாம் முறை அர்த்தநாரிதான் கூட்டிப்போனார். வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எதிர்ப் பெஞ்சில் இருந்த அம்மாள் அவரைக் கண்டதும் எழுந்துவிட்டார். அர்த்தநாரியின் பண்ணையில் முட்டை பொறுக்குகிற பெருமாயி. பக்கத்தில் அவர் மகள், எட்டாவது படிக்கிற சங்கவி. புருவத்துக்கு மேல் புதிதாகத் தையல் போட்டிருந்தது.

"என்ன பெருமாயி, இங்க?"

"மாத்திரை வாங்க வந்தனுங்க முதலாளி. நேத்துக் குழாயடியில உழுந்துட்டா."

நான் சங்கவியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எப்படி உட்கார வேண்டும் என்று எனக்குத் தெரிந்த அதே மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"ஊசி போடலீங்களா?" என்றேன்.

"அது எங்களுக்கு இன்னும் வரலீங்க அம்மிணி. உங்களுக்கு உங்க ஆளுங்களோடது வந்திருச்சு. எங்க ஆளுங்கள்ல யாரும் குடுக்கலையாட்ட இருக்குது."

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

"போட்டுக்கலாம்னுதான் சொல்றாங்க. யாரோடதுன்னு கேட்டா, எல்லாருக்கும் பொதுங்கறாங்க. எங்க ஊட்டுக்காரரு வேண்டாம்னுட்டாரு." பெருமாயி அர்த்தநாரியை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பொதுன்னா உங்களுதாவும் இருக்கலாமுங்கல்ல? உங்களுத உள்ள வெச்சுக்கிட்டு எங்க புள்ள நாளைக்கு நிமுந்து நடந்தா ஊரு சும்மா இருக்குமுங்களா? வலிப்புன்னா உழுந்து எந்திரிச்சுக்குவா. அது வேறைங்க."

இதை அவர் யாரையும் குறை சொல்கிற மாதிரி சொல்லவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்பதைப் போலச் சொன்னார்.

பக்கத்தில் அர்த்தநாரி. நான் பேசினால் என்ன ஆகும் என்று தெரியும். பரீட்சைக்கு இன்னும் போகவில்லை. கல்யாணத் தேதி குறிக்கிற காலண்டர் பெரியப்பா வீட்டுச் சுவரில் அப்படியே தொங்குகிறது. சங்கவி தையல் போட்ட இடத்தைச் சொறியப் போய்க் கையை இறக்கிக்கொண்டாள்.

"அக்கா," என்றேன். பெருமாயி திடுக்கிட்டார். எங்கள் சாதியில் யாரும் அவரை அக்கா என்றதில்லை. "அது யாரோடதும் இல்லீங்க. எனக்குப் போட்டதும் இங்க இருக்கறதும் ஒரே குப்பி. மேல ஒட்டற ஸ்டிக்கர்தான் வேற. நாரையன்னு போடச் சொன்னது நான்தானுங்க. அங்க எந்தப் பேரு வேணும்னு கேட்டாங்க. நான் சொன்னேன்."

பெருமாயி என் முகத்தைப் பார்க்கவில்லை. அர்த்தநாரியைப் பார்த்தார். நான் சொன்னது உண்மையா என்பதல்ல, அது உண்மையாக இருக்க அனுமதி உண்டா என்று பார்த்தார்.

அர்த்தநாரி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்து சிவந்திருந்தது.

"சரிங்க அம்மிணி," என்றார் பெருமாயி கடைசியில். "நீங்க சொல்றீங்க. ஊருக்குள்ள கேட்டா நான் யாரோடதுன்னு சொல்றது?"

"யாரோடதும் இல்லைன்னு சொல்லுங்க."

"நான் சொன்னா நம்ப மாட்டாங்கங்க. முதலாளி சொன்னா நம்புவாங்க."

அர்த்தநாரி நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அப்படிச் சொன்னா நான் உனக்கு அண்ணன் இல்ல. தெரியுமில்ல?"

"தெரியுமுங்க."

"எங்கம்மா அழும். அழுது முடிச்சிட்டு மறுபடியும் தேதி பாக்கும்."

"வேண்டாம்னு நான் சொல்லிக்கறேனுங்க."

"நீயா?"

"நான்தானுங்க."

அவர் என்னை முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். கோபம்தானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பிறகு பெருமாயி பக்கம் திரும்பினார். "உள்ள போய்த் தேதி வாங்கிக்க. உங்க வீட்டுக்காரர்கிட்ட நான் பேசறேன். ஊர்லயும் சொல்றேன்."

பெருமாயி மகளை எழுப்பிக் கூட்டிக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனார். நாங்கள் இருவரும் பெஞ்சின் இரண்டு முனைகளில் உட்கார்ந்திருந்தோம். நடுவில் என் தண்ணீர்ப் பாட்டில்.

நர்ஸ் மூளைப் பதிவு அறையின் கதவைத் திறந்து என் பெயரைக் கூப்பிட்டார். "கௌசிகா! கூட யாரு வந்திருக்கறது?"

அர்த்தநாரி எழுந்தார். "நானுங்க."

"நீங்க இவளுக்கு என்ன வேணும்?"

அவர் என் பக்கம் திரும்பினார். மாமா என்றும் சொல்லலாம், அண்ணன் என்றும் சொல்லலாம், இரண்டும் அந்த நேரத்தில் பொய். நர்ஸ் பேனாவோடு நின்றார்.

"தெரிஞ்சவருங்க," என்றேன்.

"அப்ப அவரு வெளிய இருக்கட்டும். நீ மட்டும் வா," என்றார் நர்ஸ்.

நான் மட்டும் உள்ளே போனேன்.